சிரைவழி நீர்மத் தட்டுப்பாடும் செவிலியர் பேணுகையும்

முன்னுரை

நோய் தீர்க்கும் பணியைத் திருவள்ளுவர் நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர், அவர் தரும் மருந்து, அதனை உடனிருந்து அளித்துப் பேணுபவர் என்னும் நால்வகை உறுப்புகளும் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் ஒருங்கே சுட்டப்படுகின்றன. இந்நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர்தம் முடிபு. இவற்றுள் நான்காவதாக வைக்கப்பட்டவரையே இன்று நாம் செவிலியர் என்கிறோம். அகப்பொருள் இலக்கியத்தில் நற்றாய்க்கு இணையாக வைத்துப் பேசப்படும் செவிலித்தாயின் பெயர், மருத்துவமனையில் இரவு பகல் பாராது உழைப்போருக்கு வழங்குவது மிகவும் பொருத்தமே.

இந்நான்கு உறுப்புகளுள் மூன்றாவதாகிய மருந்து திடீரென்று அருகிவிடுமாயின் நிலைமை என்னாகும்? நோயாளி இருக்கிறார், மருத்துவரும் இருக்கிறார், ஆனால் ஏற்றுவதற்கு நீர்மம் இல்லை. அவ்வேளையில் நான்காவது உறுப்பின் மீது சுமை ஏறுகிறது. சிரைவழி நீர்மத் தட்டுப்பாட்டுக் காலங்களில் செவிலியர் தம் பேணுகை முறையை எவ்வாறு மாற்றி அமைத்துக் கொள்கின்றனர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இது மருத்துவத் துறையினர்க்கு மட்டுமே உரிய செய்தி என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. நீர்மம் அருகிய வேளையில் உயிர் காத்த வழிகளுள் முதன்மையானது ஒவ்வொரு வீட்டின் அடுக்களையிலும் செய்யத்தக்கது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிரைவழி நீர்மம் என்பது யாது?

மக்கள் வழக்கில் ‘குளுக்கோஸ் ஏற்றுவது’ என்றும் ‘டிரிப்ஸ் போடுவது’ என்றும் கூறப்படுவதே சிரைவழி நீரேற்றம். கையிலுள்ள சிரையில் மென்மையான சிறு குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே தூய்மை செய்யப்பட்ட நீர்மத்தைச் சொட்டுச் சொட்டாக உடலுக்குள் விடுகின்றனர். மருத்துவமனைகளில் அக்குழாயை ‘வென்ஃப்ளான்’ என்னும் வணிகப் பெயராலேயே பலரும் குறிப்பர்.

இந்நீர்மங்களுள் மூன்று பெருவழக்கானவை. ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கலந்த ‘நார்மல் சலைன்’ ஒன்று. சோடியம், பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் ஆகியவை கலந்த ‘ரிங்கர் லாக்டேட்’ மற்றொன்று. நூறு மில்லி லிட்டருக்கு 5 கிராம் சர்க்கரை கலந்த ‘டெக்ஸ்ட்ரோஸ்’ மூன்றாவது. பார்வைக்கு மூன்றும் தெளிந்த நீரே போல்வன, பயனில் வேறுபட்டவை. கழிச்சலாலோ குருதிப்போக்காலோ உடல்நீர் வற்றியவருக்கு முதலிரண்டும் உதவும், டெக்ஸ்ட்ரோஸ் உதவாது. நீர் இழந்தவரைத் தேற்ற டெக்ஸ்ட்ரோஸை ஏற்றினால், அதிலுள்ள சர்க்கரையை உடல் எரித்துவிட, எஞ்சிய வெறும் நீர் குருதிக்குழாய்களில் நில்லாமல் திசுக்களுக்குள் பரவிவிடும்.

இம்முறையின் வரலாறு வாந்திபேதியோடு பிணைந்தது. 1831-ஆம் ஆண்டில் வில்லியம் ஓஷாநெசி என்னும் மருத்துவர், வாந்திபேதி நோயாளியின் குருதியிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதை ஆய்ந்து கூறினார். அதனைப் பின்பற்றி 1832-இல் ஸ்காத்லாந்தின் லீத் நகரில் தாமசு லத்தா என்பவர் உப்பு நீரைச் சிரைவழி ஏற்றிக் காட்டினார். அந்த ஓஷாநெசியே பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திப் போக்குவரத்தை நிறுவியவராகவும் விளங்கினார் என்பது சுவையான செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்டு ரோஜர்சு என்பவர் அதே கல்கத்தாவில் சிரைவழி உப்புநீர் மருத்துவத்தைச் செம்மைப்படுத்தி, வாந்திபேதி இறப்புகளைப் பெரிதும் குறைத்தார்.

தட்டுப்பாடு தோன்றும் வகை

உப்பும் நீரும் கலந்த எளிய பொருளுக்குத் தட்டுப்பாடு வருவானேன் என்று வினவலாம். எளிமையே அதற்கு ஒரு காரணம். இந்நீர்மம் விலை மலிவு, எடை மிகுதி, இலாபம் குறைவு. நுண்ணுயிரும் நச்சுப்பொருளும் அணுவளவும் இல்லாத நீரில் கலந்து, உயர் வெப்பத்தில் அவித்துத் தூய்மை செய்ய வேண்டியிருத்தலின் ஆலை அமைப்பதற்குப் பெருஞ்செலவாகும். எனவே ஒரு சில நிறுவனங்களே பேரளவில் உற்பத்தி செய்கின்றன. மருத்துவமனைகளோ இடம் பற்றாமையால் சில நாட்களுக்கு வேண்டியதை மட்டுமே சேமித்து வைக்கின்றன. ஆலை ஒன்று நின்றால், நெடுந்தொலைவிலுள்ள படுக்கையும் அதனை உணரும்.

இதற்குச் சான்று 2024-இல் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் ‘ஹெலீன்’ புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைத் தாக்கியது. அங்கு மேரியன் என்னும் ஊரையடுத்த பாக்ஸ்டர் நிறுவனத்தின் ஆலையுள் வெள்ளம் புகுந்தது. அமெரிக்க நாட்டுச் சிரைவழி நீர்மத் தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அந்த ஓர் ஆலையே வழங்கி வந்தது. உலகின் செல்வ வளம் மிக்க நாட்டில் அறுவை மருத்துவங்கள் தள்ளி வைக்கப்பட்டன. அயல்நாட்டு ஆலைகளிலிருந்து நீர்மம் தருவிக்கப்பட்டது. அதற்கு ஏழாண்டுகட்கு முன்னர், 2017 செப்டம்பரில், ‘மரியா’ புயல் போர்ட்டோ ரீக்கோத் தீவைத் தாக்கியபோதும் சிறு அளவுப் பைகளுக்கு இத்தகைய தட்டுப்பாடு நேர்ந்தது.

நம் நாட்டில் வேறொரு வகையாலும் தட்டுப்பாடு தோன்றுகிறது. 2024 நவம்பரில் கருநாடக மாநிலம் பெல்லாரியில் மகப்பேற்றுக்குப் பின் தாய்மார் சிலர் உயிரிழந்தனர். அவர்களுக்கு ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் நீர்மத்தின் தரம் பற்றி ஐயம் எழவே, குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் நீர்மத்தைப் பயன்படுத்துவதை அம்மாநில அரசு நிறுத்தியது. இவ்வாறு நிறுத்துவது கடமையே. ஆயினும், ஒரு சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்படும் நாளில், மருத்துவமனை அலமாரி வெறுமையாகும் என்பதும் உண்மை. புயல், போர், பொருளாதார வீழ்ச்சி, தரக்கேடு என வாயில்கள் பல, விளைவு ஒன்றே.

பன்காவ் முகாம்: 1971

நீர்மத் தட்டுப்பாட்டை எதிர்கொண்ட நிகழ்ச்சிகளுள் தலையாயது நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1971-இல் கிழக்குப் பாக்கித்தானில் நிகழ்ந்த போரால், ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலியராக இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லைப்புற ஊராகிய பன்காவில் அவர்களிடையே வாந்திபேதி பரவியது. அங்கிருந்த அரசு மருத்துவமனையின் இரு அறைகளும் நிரம்பி, நோயாளிகள் தரையிற் கிடந்தனர்.

கல்கத்தாவிலிருந்த ஜான்சு ஹாப்கின்சு ஆய்வு மையத்தைச் சேர்ந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் தம் குழுவினருடன் அங்குச் சென்றார். கழிவிலும் வாந்தியிலும் மண்டியிட்டு அமர்ந்தே ஊசி செலுத்த வேண்டிய நிலை. கையிருப்பிலிருந்த சிரைவழி நீர்மம் விரைந்து தீர்ந்துகொண்டிருந்தது. சிரையில் ஊசி ஏற்றும் பயிற்சி பெற்றோரும் அவர் குழுவில் இருவரே. நீர்மம், பயின்ற கை ஆகிய இரண்டும் ஒருசேர அருகிய வேளை அது.

வாய்வழி உப்பு-சர்க்கரைக் கரைசல் வாந்திபேதிக்கு உதவும் என்பது அதற்கு முன்பே ஆய்வுகளால் தெரிந்திருந்தது. 1953-இலேயே கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி இது பற்றி எழுதியிருந்தார். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகியோர் முறையான ஆய்வால் இதனை உறுதி செய்தனர். ஆனால் மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சி இல்லாதோர் கையால், பெருங்கூட்டத்திற்கு இதனை அளிக்கலாம் என்று அப்போது பலர் நம்பவில்லை. மகலனாபிஸ் வேறு வழியின்றி அதனைத் துணிந்தார்.

ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அவர் வகுத்த அளவு. கல்கத்தா ஆய்வு மையத்து நூலக அறையிலேயே இவற்றை நிறுத்துப் பொட்டலமாகக் கட்டினர். முகாமில் அவற்றைத் தூய நீரில் கரைத்துப் பெரிய கலங்களில் ஊற்றி வைத்தனர். நோயாளியின் தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோர் குவளையில் முகந்து புகட்டினர். அதிர்ச்சி நிலையில் நாடி தளர்ந்து கிடந்தோர்க்கு மட்டுமே சிரைவழி நீர்மம் ஏற்றப்பட்டது. அவர்களும் விழுங்கும் ஆற்றல் பெற்றவுடன் கரைசலுக்கு மாற்றப்பட்டனர். லிட்டருக்கான செலவு ஏறத்தாழ 11 காசுகளே.

ஏறக்குறைய இரண்டு திங்களில் 3,700 பேரளவில் இவ்வாறு மருத்துவம் பெற்றனர். இறந்தோர் 3.6 விழுக்காட்டினர். கரைசல் புகட்டப்படுவதற்கு முன்னர் அத்தகைய முகாம்களில் இறப்பு 30 விழுக்காட்டளவு இருந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த திமான் பருவா இம்முகாமை நேரிற் கண்டு, இம்முறை உலகெங்கும் பரவத் துணை நின்றார். 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், அந்நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் மறைந்தார். 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது.

கரைசல் செயற்படும் விதம்

வாந்திபேதிக் கிருமியின் நச்சு, குடலிலிருந்து நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. வெறும் நீரையோ உப்பு நீரையோ குடித்தால் அது நில்லாது வெளியேறிவிடும். ஆனால் குடற்சுவரில் சர்க்கரையையும் சோடியத்தையும் இணைத்தே உள்ளிழுக்கும் வாயில் ஒன்று உண்டு. நோயின்போதும் அவ்வாயில் அடைபடுவதில்லை. சர்க்கரையின் துணையோடு சோடியம் உட்செல்ல, அதனைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. கரைசலில் சர்க்கரை சேர்ப்பது சுவைக்காகவன்று. உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்வதற்காகவே. அளவுக்கு மிஞ்சிய சர்க்கரையோ நீரைக் குடலுக்குள் இழுத்துக் கழிச்சலை மிகுவிக்கும். ஆதலின் அளவு பிழையாமை இன்றியமையாதது.

2002-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இவ்வளவைத் திருத்தி அமைத்தது. இன்று வழங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் உள்ளன. பொட்டலம் கிடையாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம்.

படுக்கையருகே செவிலியர் செய்யும் மாற்றங்கள்

பன்காவ் தந்த படிப்பினை கழிச்சல் நோயோடு நின்றுவிடவில்லை. ‘இந்நோயாளிக்கு இந்நீர்மம் சிரைவழியே செல்லத்தான் வேண்டுமா?’ என்னும் வினாவே அப்படிப்பினையின் சாரம். தட்டுப்பாட்டுக் காலத்தில் செவிலியர் ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் இவ்வினாவை எழுப்புகின்றனர். விடையை மருத்துவரோடும் மருந்தாளுநரோடும் கலந்து முடிவு செய்கின்றனர். அதன் பயனாய் விளையும் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, வாய்வழிக்கு மாற்றுதல். விழுங்க இயன்றவருக்குக் கரைசலும் கஞ்சியும் மோரும் இளநீரும் அளவறிந்து தரப்படுகின்றன. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துப் பின்னர் மெல்ல மெல்ல, ஓரிரு நிமிடத்திற்கு ஒரு கரண்டி வீதம் புகட்ட வேண்டும். நீரேற்ற இயலாத இடத்தில், கடுமையாக நீர் வற்றிய குழந்தைக்கு மூக்கின் வழியே இரைப்பைக்குள் குழாய் செலுத்தி, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு 20 மில்லி லிட்டர் வீதம் ஆறு மணி நேரம் கரைசல் அளிக்கலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் நெறி வகுத்துள்ளது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது மணிக்கு 200 மில்லி லிட்டராகும்.

இரண்டாவது, வீணே ஓடும் சொட்டை நிறுத்துதல். ‘சிரை அடைபடாதிருக்கட்டும்’ என்பதற்காகவே மணிக்கு 20 மில்லி லிட்டர் வீதம் நீர்மம் ஓடவிடுவது பல இடங்களில் வழக்கம். ஒரு நாளில் இது 480 மில்லி லிட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு முழுப் புட்டி. இதற்கு மாற்றாகக் குழாயின் வாயை மூடி வைத்து, எட்டு மணிக்கு ஒருமுறை 5 மில்லி லிட்டர் உப்புநீரால் அலசிவிட்டால், 15 மில்லி லிட்டரே செலவாகும். ஒரு புட்டி இன்னொரு நோயாளிக்கு மிச்சமாகும்.

மூன்றாவது, மருந்தைப் பையில் கலந்து சொட்டாக விடாமல், பீச்சுக்குழல் வழியே நேரே மெல்லச் செலுத்துதல். செஃப்ட்ரியாக்சோன் போன்ற சில எதிர்நுண்ணுயிர் மருந்துகளை இரண்டு முதல் நான்கு நிமிட நேரத்தில் இவ்வாறு செலுத்தலாம். இதனால் நூறு மில்லி லிட்டர்ப் பை மிச்சமாகும். ஆனால் செவிலியர் அந்நிமிடங்கள் முழுவதும் படுக்கையருகே கடிகாரத்தை நோக்கி நிற்க வேண்டும். பையின் சிக்கனம் செவிலியரின் நேரத்தால் ஈடு செய்யப்படுகிறது என்பதை மருத்துவமனை நிருவாகத்தினர் உணர வேண்டும். மேலும் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. வான்கோமைசின் ஒரு கிராமைச் செலுத்த ஒரு மணி நேரமேனும் ஆகும். பொட்டாசியம் குளோரைடை நேரே செலுத்தினால் இதயம் நின்றுவிடும். எதை மாற்றலாம் என்பதைக் காட்டிலும் எதை மாற்றலாகாது என்பதை அறிதலே இங்கு அறிவு.

நான்காவது, ஒரு நீர்மத்திற்கு மாற்றாக வேறொன்றைத் தேர்தல். நார்மல் சலைன் இல்லையெனில் பல நேரங்களில் ரிங்கர் லாக்டேட் உதவும். ஆயினும் அதிலுள்ள கால்சியம், சேமித்த குருதியோடு ஒரே குழாயில் சேரின் குருதி உறையக்கூடும். செஃப்ட்ரியாக்சோனோடு சேரின் படிவு உண்டாகும். பிறந்த குழந்தைக்கு அது உயிர்க்கேடு விளைக்கும். ஆகவே புட்டியின் பெயரைப் படித்தல் என்னும் எளிய செயல், தட்டுப்பாட்டுக் காலத்தில் இருமடங்கு கவனம் வேண்டுவதாகிறது. பழகிய நிறத்துப் புட்டி இருந்த இடத்தில் இன்று பழகாத புட்டி இருக்கும்.

ஐந்தாவது, சொட்டு எண்ணுதல். மின்பொறிகள் பெருகிய இக்காலத்திலும் செவிலியர் பயிற்சியில் இக்கணக்கு இடம்பெற்றுள்ளது. 20 சொட்டு ஒரு மில்லி லிட்டராகும் குழாயில், 500 மில்லி லிட்டரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமாயின் நிமிடத்திற்கு 42 சொட்டு. குழந்தைகளுக்குரிய நுண்சொட்டுக் குழாயிலோ 60 சொட்டு ஒரு மில்லி லிட்டர். நீர்மம் அருகிய வேளையில் அளவுக்கு மிஞ்சி ஒரு சொட்டும் ஓடலாகாது. அதனோடு, நோயாளி குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் அளந்து எழுதி வைத்தல் வேண்டும். வளர்ந்தவருக்கு மணிக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லி லிட்டரேனும் சிறுநீர் இறங்குகிறதா என்று நோக்க வேண்டும். அந்தக் குறிப்பேடே, நீர்மத்தைக் குறைத்தது சரியா தவறா என்பதை உரிய நேரத்தில் சொல்லும் சான்று.

கடக்கலாகாத எல்லைகள்

இடுக்கண் வந்துற்ற காலத்தும் செவிலியர் கடவாத எல்லைகள் சில உண்டு. ஒரு நோயாளிக்குப் பயன்படுத்திய பையில் எஞ்சியதை மற்றொருவருக்கு ஏற்றலாகாது. ஒருவர் குருதியிலுள்ள நோய்க்கிருமி மற்றவரைச் சேரும். காய்ச்சிய நீரில் உப்பைக் கலந்து சிரைவழி ஏற்றலாகாது. காய்ச்சுதலால் கிருமி இறக்கலாம், ஆனால் இறந்த கிருமியின் நச்சு எஞ்சி நின்று கடுங்குளிர்க் காய்ச்சலை உண்டாக்கும். காலங்கடந்த சரக்கை, உரிய அதிகார அமைப்பு ஆய்ந்து கால நீட்டிப்பு அளித்தாலொழியத் தொடலாகாது. வாய்வழிக்குச் சிக்கனமும் துணிவும் பொருந்தும். சிரைவழிக்குத் தூய்மையில் சிறு விட்டுக்கொடுத்தலும் பொருந்தாது.

இவற்றினும் கடியதோர் எல்லை, யாருக்கு முதலில் என்னும் வினா. அதிர்ச்சியுற்றவர், மயங்கிக் கிடப்பவர், பெருங்குருதிப்போக்குடைய தாய், கடுமையான தீப்புண்ணுற்றவர் ஆகியோருக்கு மாற்று வழியில்லை, அவர்களுக்கே முதலுரிமை. பணமுடையவரா, பதவியுடையவரா என்பது அவ்வரிசையில் இடம்பெறலாகாது. ஒருவர் படுக்கையினின்று புட்டியைக் கழற்றி மற்றொருவர்க்கு மாட்டும் முடிவைத் தனியொரு செவிலியர் நள்ளிரவில் எடுக்கும்படி விடலாகாது. முன்னரே எழுதி வைத்த நெறிமுறை அவர் கையில் இருத்தல் வேண்டும்.

ஈழத்துச் செய்தி

நம் மொழி பேசும் மக்கள் இத்துயரை நேரே பட்டறிந்துள்ளனர். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத் திங்கள்களில், இலங்கையின் வன்னிப் பகுதியில் போர் முற்றியபோது, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் ஆகிய இடங்களில் தற்காலிக மருத்துவமனைகள் இயங்கின. மரக்கிளைகளில் நீர்மப் புட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு மருத்துவம் செய்த காட்சியை உலகம் படங்களிற் கண்டது. மருந்து அனுப்புமாறு அங்கிருந்த மருத்துவ அலுவலர்கள் மீண்டும் மீண்டும் வேண்டினர். பின்னர் 2022-இல் அந்நாடு முழுவதும் அயல்நாட்டுச் செலாவணி வற்றி மருந்துத் தட்டுப்பாட்டால் வாடியது. அவ்வாண்டு மே திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசு அனுப்பிய முதற் கப்பலில், அரிசி, பால்மாவு ஆகியவற்றோடு உயிர்காக்கும் மருந்துகளும் சென்றன. கடல் கடந்து செல்லும் மருந்துப் பெட்டி கரை சேரும் வரையில் அங்குள்ள நோயாளியைக் காப்பது செவிலியரின் கைத்திறனே.

நம் பகுதிக்குரிய படிப்பினை

அடையாற்றின் கரையில் அமைந்தது நம் கோட்டூர்புரம். 2015 டிசம்பர்த் திங்களின் முதல் இரு நாட்களில் ஆறு கரை கடந்து, இங்குள்ள குடியிருப்புகளுள் வெள்ளம் புகுந்ததை நாம் மறப்பதற்கில்லை. வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் தரைத்தளங்கள் மூழ்கின. மக்கள் படகுகளில் மீட்கப்பட்டனர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அத்தகைய நாளில் மருந்துக்கடைக்குச் செல்வதும், மருத்துவமனைக்குச் சரக்கு வந்து சேர்வதும் அரிதாகின்றன. வெள்ளம் வடிந்தபின் கழிச்சல் நோய் பரவும் அச்சமோ பெரிதாகிறது. சென்னைக்கு அந்நோய் அயலதன்று. வாந்திபேதிக் கிருமியின் புதிய வகையாகிய ஓ-139 என்பது 1992 அக்டோபரில் இந்நகரில்தான் முதன்முதலில் வெளிப்பட்டது.

எனவே மழைக்காலத்திற்கு முன்னரே ஒவ்வொரு வீட்டிலும் சில ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், ஒரு லிட்டர் அளவுக்குரிய கலமும் இருத்தல் நலம். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் கரைசல் செய்யும் முறையைத் தெருத்தோறும் செய்து காட்டலாம். அளவைப் பிழையின்றிச் சொல்லித் தருவதே அப்பணியின் உயிர்நாடி. கண் குழிந்து, நாவறண்டு, சோர்ந்து, குடிக்கவும் இயலாதிருப்பவரை வீட்டில் வைத்துக் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

பெரியோர்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. சிறு காய்ச்சலுக்கும் உடற்சோர்வுக்கும் ‘ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள், தெம்பு வரும்’ என்று மருத்துவமனையில் வற்புறுத்தும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. 500 மில்லி லிட்டர் டெக்ஸ்ட்ரோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் ஓரிரு இட்டிலிகள் தரும் ஆற்றலுக்கு மேற்படாது. உண்ணவும் குடிக்கவும் இயன்றவர் வேண்டாது ஏற்றிக்கொள்ளும் புட்டி, தட்டுப்பாட்டு நாளில் உண்ணவும் குடிக்கவும் இயலாத ஒருவருக்குரிய பங்கு. ‘உங்களுக்கு நீரேற்ற வேண்டியதில்லை, குடித்தால் போதும்’ என்று ஒரு செவிலியர் கூறும்போது அதனைப் புறக்கணிப்பாகக் கருதலாகாது. அது ஆய்ந்து எடுத்த முடிவு.

நிறைவுரை

நீர்மத் தட்டுப்பாட்டின் வரலாறு நமக்குச் சில உண்மைகளைத் தெளிவாக்குகிறது. பெரும் ஆலைகளும் நெடுஞ்சாலைகளும் வாய்த்த நாடுகளிலும் மருந்து அருகும் நாள் வரும். அந்நாளில் மிகுதியாகப் பயன்படுவது, எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று அறிந்த செவிலியரின் அறிவு. அவ்வறிவுக்குத் துணையாக நிற்பது, கலத்திலிருந்து முகந்து தன் மகவுக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டும் தாயின் கை. பன்காவ் முகாமில் ஆயிரக்கணக்கானோரைக் காத்தது இவ்விரண்டின் கூட்டே.

செவிலியர் எண்ணிக்கையைப் பெருக்குதல், அவர்தம் பணிச்சுமையைக் குறைத்தல், அவர் சொல்லுக்கு மதிப்பளித்தல் ஆகியவை தட்டுப்பாடு வருமுன் செய்யத்தக்க காப்புகள். உடனிருந்து பேணுபவரை மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைத்தெண்ணிய மொழிக்கு உரியவர் நாம். அவ்வுறுப்புத் தளராமற் காப்பதும் நம் கடனாகும்.